வாட்டும் வாட்டமும்

மேசைக் கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குபவர் உண்மையில் வாங்குவது இரண்டு பொருள்கள். முதலாவதை ஆசைப்பட்டு வாங்குகிறார். இரண்டாவதை, முதலாவது ஓட மறுத்த பிறகு வாங்குகிறார். அந்த இரண்டாவது பொருள்தான் எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டின் பின்புற மூலையில், ஒரு விசிறியும் ஒரு கத்தை ஒயர்களுமாக உட்கார்ந்திருக்கும் தகரப் பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாகப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. கணினியின் மற்ற உறுப்புகளுக்கு விளம்பரம் உண்டு, விமர்சனம் உண்டு, கட்சி கட்டிச் சண்டை போடும் ரசிகர்கள்கூட உண்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு இருக்கும் ஒரே பெருமை, அது கேபினெட்டோடு இலவசமாக வந்தது என்பதுதான்.

அதைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது நான்கு திருகாணி வேலை. அந்த நான்கு திருகாணிகளிடம் போய்ச் சேருவதற்குள் கடக்க வேண்டிய எண்கள்தான் அதிகம். இந்தத் துறையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று கொட்டை எழுத்தில், பெருமைக்கு. மற்றொன்று பொடி எழுத்தில், வேலைக்கு. எஸ்.எம்.பி.எஸ். மாற்றும் கலை முழுவதும் பொடி எழுத்தைத் தேடிப் படிப்பதில் அடங்கியிருக்கிறது.

பெட்டிக்குள் நடப்பது

இரண்டு எண் வழக்கம் சுவரிலேயே தொடங்கிவிடுகிறது. 230 வோல்ட் என்று சொல்லப்படும் மின்சாரத்தின் அலை, உச்சியில் சுமார் 325 வோல்ட்டைத் தொடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். அதை முதலில் நேர்மின்சாரமாக்கி ஒரு பருத்த கெப்பாசிட்டரில் தேக்கி வைக்கும். பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கும். அவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருந்தால் போதுமாகிறது. நொடிக்கு 50 சுழற்சியில் வரும் மின்சாரத்தை அப்படியே இறக்குவதென்றால், இதே வேலைக்குப் பல கிலோ இரும்பும் செம்பும் வேண்டியிருக்கும். கணினியைத் தூக்க இரண்டு ஆள் தேவைப்படும். வீட்டுக் கணினிகளில் இந்த முறையை முதலில் கொண்டுவந்தவற்றுள் ஒன்று 1977இல் வெளியான ஆப்பிள் 2. அதன் மின்பெட்டியை வடிவமைத்தவர் ராட் ஹோல்ட்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பருத்த கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும் ஆர்வம் யாருக்கும் கூடாது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு இன்னும் கூடாது. அவர்கள்தான் தைரியமாகக் கையை விடுவார்கள்.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி உடனே மதர்போர்டை எழுப்புவதில்லை. வோல்ட்டுகள் எல்லாம் நிலைக்கு வந்துவிட்டனவா என்று பார்த்து, நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து அரை நொடிக்குள், சரி என்று ஒரு சமிக்ஞை அனுப்பும். மதர்போர்டு அதை நம்பித்தான் கண் விழிக்கிறது. மட்டமான பெட்டிகள் சில எதையும் சோதித்துப் பார்க்காமலே, நலம் நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு மேற்கொண்டு நடப்பதை மதர்போர்டின் தலையெழுத்துக்கு விட்டுவிடும்.

63.5 வாட்டிலிருந்து 575 வாட் வரை

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் மின்பெட்டி 63.5 வாட். மதர்போர்டு, நினைவகம், ஃப்ளாப்பி டிரைவ் என்று பெட்டிக்குள் இருந்த அத்தனைக்கும் சேர்த்து அவ்வளவுதான். இன்று, தனி ஒயர் எதுவும் கேட்காமல் மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்து மட்டும் உண்டு வாழும் அடக்கமான கிராபிக்ஸ் கார்டுக்கே 75 வாட் வரை அனுமதி உண்டு.

அடுத்து வந்த ஏ.டி. வகைக் கணினிகளில், மதர்போர்டுக்குச் செல்லும் மின்சாரம் பக்கத்துப் பக்கத்தில் செருகும் இரண்டு பிளக்குகளாக வந்தது. இரண்டும் இரட்டைப் பிறவி. இடம் மாற்றிச் செருகினால் மதர்போர்டு அன்றோடு சரி. கறுப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் நடுவில் சேர வேண்டும் என்பது அந்தக் காலத்து மெக்கானிக்குகள் குருவிடம் கற்ற முதல் பாடம். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறை, இரண்டையும் ஒரே பிளக்காக்கி, ஒரு பக்கமாக மட்டுமே நுழையும்படி செய்தது. மனிதனின் ஞாபகசக்தியை நம்புவதைப் பொறியாளர்கள் கைவிட்டது அப்போதுதான்.

கிராபிக்ஸ் கார்டுகளின் பசி வளர்ந்த கதை தனி. 2000ஆம் ஆண்டில் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் நான்கு சிப்புகளோடு வூடூ 5 6000 என்று ஒரு கார்டைத் தயாரித்தது. கணினியின் மின்பெட்டியால் அதற்குத் தீனி போட்டுக் கட்டாது என்று, சுவரில் தனியாகச் செருகும் ஓர் அடேப்டரையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். கார்டு கடைக்கு வரவேயில்லை. நிறுவனம் தன் சொத்துக்களைப் போட்டியாளரான என்விடியாவிடம் விற்றுவிட்டுக் கிளம்பியது. பிறகு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வந்தது. ஸ்லாட்டில் 75 வாட், 6 பின் ஒயரில் இன்னொரு 75 வாட், 8 பின் ஒயரில் 150 வாட் என்று கணக்கு வகுத்தார்கள்.

2022இல் வந்த 16 பின் பிளக் ஒன்றே 600 வாட் வரை கொடுக்கும். அந்த ஆண்டு அக்டோபரில் 450 வாட் கேட்கும் ஆர்.டி.எக்ஸ். 4090 அந்தப் பிளக்கோடு வெளிவந்தது. சில வாரங்களுக்குள் பிளக் உருகிய படங்கள் உலகெங்கும் வலம் வந்தன. பலர் பிளக்கை முழுவதும் உள்ளே தள்ளாததுதான் முக்கியக் காரணம் என்று என்விடியா அறிவித்தது. மனிதனை மறுபடி நம்பிப் பார்த்ததில் கிடைத்த பலன் அது. 2023இல் திருத்திய வடிவத்தில், முழுவதும் செருகினால் மட்டுமே மின்சாரம் பாயும்படி சில பின்களின் நீளத்தைக் குறைத்தார்கள். 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090இன் தேவை 575 வாட். ஒன்பது ஐ.பி.எம். பி.சி.க்கள் சேர்ந்து வரிசையில் நின்றால்தான் ஏறக்குறைய அந்த எண் வரும்.

அறிகுறிகள்

எஸ்.எம்.பி.எஸ். போதவில்லை என்பதைக் கணினி நேரடியாகச் சொல்லாது. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது நடுத்தரக் கார்டு ஒன்று பத்துப் பதினைந்து வாட்டில் காலத்தை ஓட்டிவிடும். சினிமா ஓடும், எக்செல் திறக்கும், புது கார்டு என்று நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டலாம். விளையாட்டைத் தொடங்கி, எதிரியின் கோட்டைக்குள் நுழைந்து, படம் விறுவிறுப்பாகும் இடத்தில் கணினி பொட்டென்று அணைந்துவிடும். அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகும். அல்லது திரை இருண்டு, கார்டின் விசிறி மட்டும் விமானம் கிளம்புகிற சத்தத்தோடு சுற்றும். சுமை எல்லை மீறினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் காப்பு நல்ல பெட்டிகளில் உண்டு. அது இல்லாத பெட்டியில் அறிகுறி மூக்குக்கு வரும்.

இதற்கு வீடுகளில் நடக்கும் வைத்தியத்துக்கு ஒரு நிலையான வரிசை உண்டு. முதலில் சந்தேகம் வைரஸ் மேல் விழும். அடுத்து விண்டோஸ் ஃபார்மட் அடிக்கப்படும். மூன்றாவதாக ராம் கழற்றப்பட்டு, அதன் தங்க நிறக் காலில் பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கப்படும். இந்த ரப்பர் வைத்தியம் வேறு சில நோய்களுக்கு உண்மையிலேயே பலன் தருவதால், எல்லா நோய்க்கும் அதையே கொடுக்கிறார்கள். நான்காவதாகக் கேபினெட்டின் தூசி ஊதப்படும்; ஊதியவர் தும்முவார். ஐந்தாவதாகக் கார்டு மட்டம் என்று முடிவாகி, வாங்கிய கடைக்கே திரும்பிப் போகும். கடைக்காரர் அதைத் தன் கணினியில் மாட்டி ஓட்டிக் காட்டுவார். அப்போதுதான் வீட்டிலிருக்கும் தகரப் பெட்டியின் மேல் முதன்முதலாக ஒரு பார்வை விழும்.

தேவையைக் கணக்கிடுதல்

எடுத்துக்காட்டுக்கு ஒரு சாதாரண ஜோடி: ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு, இன்டெல் கோர் ஐ5 12400 பிராசசர். கார்டின் தேவை 170 வாட். ஸ்லாட்டில் 75, ஒரு 8 பின் ஒயரில் 150, ஆக 225 வரை வழி இருப்பதால் அதற்கு ஒரு 8 பின் போதும். பிராசசரின் அடிப்படை எண் 65 வாட். மும்முரமாக வேலை செய்யும்போது அது 117 வாட் வரை எடுக்கும். 65 பலருக்கும் தெரிந்த எண், 117 தேடினால் கிடைக்கும் எண். கணக்குக்கு உதவுவது 117தான். மதர்போர்டு, ராம், டிஸ்க், விசிறிகளுக்கு ஒரு 50 வைத்துக்கொண்டால் மொத்தம் 337 வாட்.

ஆனால் அந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் பரிந்துரை 550 வாட் பெட்டி. இந்த இடைவெளிக்கு இரண்டு காரணங்கள். கிராபிக்ஸ் கார்டு 170 வாட்டை ஒரே சீராக எடுப்பதில்லை. கண் இமைப்பதற்கும் குறைந்த நேரத்துக்கு அது தன் எண்ணைத் தாண்டி எகிறிக் குதிக்கும், பெரிய கார்டுகள் ஏறக்குறைய இரண்டு மடங்குவரைகூட. அந்தக் குதிப்பைப் பெட்டி தாங்க வேண்டும். 16 பின் பிளக்கோடு வரும் பெட்டிகள் தங்கள் மதிப்பைப்போல் இரண்டு மடங்குச் சுமையை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்று 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 வகுத்திருக்கிறது. இரண்டாவது காரணம் அனுபவத்தில் வந்தது. வாடிக்கையாளர் எந்தப் பெட்டியை 550 என்று நம்பி வைத்திருப்பார் என்பது கார்டு தயாரிப்பவருக்குத் தெரியாது. ஆகவே பெட்டியின் ஒட்டுச்சீட்டில் இருக்கக்கூடிய புளுகையும் சேர்த்துத்தான் பரிந்துரை எழுதப்படுகிறது.

ஒட்டுச்சீட்டைப் படித்தல்

கேபினெட்டோடு வந்த பெட்டியின் பக்கவாட்டில் 450 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே ஒரு சிறிய அட்டவணை. அதைப் படிக்க வெளிச்சமும், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணாடியும் வேண்டும். உதாரணமாக, 3.3 வோல்ட் 26 ஆம்பியர், 5 வோல்ட் 28 ஆம்பியர், 12 வோல்ட் 18 ஆம்பியர், காத்திருப்பு 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று போட்டிருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 85.8, 140, 216, 10. கூட்டினால் 451.8. கொட்டை எழுத்து பொய் சொல்லவில்லை.

ஆனால் இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட்டில்தான். 3.3க்கும் 5க்கும் இப்போது வேலை சொற்பம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தோடு அப்பாவின் பென்ஷனையும், மாடி வாடகையையும், ஊரில் தென்னந்தோப்புக் குத்தகையையும் கூட்டிச் சொல்வது போன்றது அந்த 450. கல்யாணத்துக்குப் பிறகு குடும்பம் நடத்தப் போவது 216ஐ வைத்துத்தான். மேலே சொன்ன கார்டும் பிராசசரும் மட்டும் கேட்பது 170ம் 117ம், ஆக 287.

நல்ல 550 வாட் பெட்டியின் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர் இருக்கும்; பெருக்கினால் 540. ஏறக்குறைய முழு வாட்டையும் 12 வோல்ட்டிலேயே கொடுக்கிறது என்று பொருள். ஆகவே பெட்டியை எடுத்ததும் பார்க்க வேண்டிய ஒரே இடம், 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியர். அந்த அட்டவணையே இல்லாத பெட்டியும் சந்தையில் உண்டு. அதைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை.

வாங்குதல்

சென்னையில் இந்தப் பொருளுக்குப் பேர் போன இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. வாட் பற்றி அங்கே இரண்டு மதங்கள் நிலவுகின்றன.

"எந்தக் கார்டு தம்பி?"

"3060ண்ணே."

"450 போதும்ப்பா. எத்தனை பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன், ஒருத்தன் திரும்பி வரல."

அடுத்த கடையில், "850க்குக் கீழ போடவே போடாதீங்க சார். நாளைக்கு 4090 வாங்குவீங்க, அப்ப என்ன பண்ணுவீங்க?"

திரும்பி வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். 4090 வாங்கும் அன்று வாடிக்கையாளரிடம் அதற்கான பணம் எப்படி வந்திருக்கும் என்பதையும் கடைக்காரர் விளக்குவதில்லை. இரண்டு அறிவுரைக்கும் அடிப்படை, கடையில் எது கையிருப்பில் உள்ளது என்பதுதான். 337 வாட் கணக்குக்கு, நல்ல தயாரிப்பாளரின் 550 அல்லது 650 வாட் பெட்டி தாராளம். பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து எடை போடும் பழக்கமும் தெருவில் உண்டு. உள்ளே செம்பும் வெப்பத்தகடும் அதிகமிருந்தால் கனக்கும் என்ற அளவில் அது நியாயமே. நல்ல பெட்டியைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு தடயம் உத்தரவாதக் காலம். ஐந்து முதல் பத்து ஆண்டு வரை எழுத்தில் தருபவர், தன் கெப்பாசிட்டரைத் தானே நம்புகிறார்.

அடுத்து வரும் எண் 80 பிளஸ். 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தச் சான்றிதழ், சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதைச் சொல்கிறது. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது வெண்கலம் 85 சதவீதம், வெள்ளி 88, தங்கம் 90, பிளாட்டினம் 92, டைட்டானியம் 94. மீதி வெப்பமாக வெளியே போகும். தங்கம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் பத்து சதவீதம் சேதாரம் உண்டு. இந்தச் சான்றிதழ் சிக்கனத்துக்கு மட்டுமே. பெட்டி எவ்வளவு நாள் உழைக்கும், விபத்து நேர்ந்தால் மதர்போர்டைக் காப்பாற்றுமா என்பதற்கு அது பொறுப்பேற்காது. பெட்டியில் ஒட்டிய பளபளப்பான ஸ்டிக்கர், தேர்வு எழுதாத பெட்டிக்கும் பொருந்தும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

புதிய பெட்டி வாங்க மனமில்லாதவருக்குச் சந்தை ஒரு குறுக்குவழியும் வைத்திருக்கிறது: ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரை 8 பின்னாக மாற்றும் அடேப்டர். விலை மலிவு. சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 54 வாட். 8 பின் கேட்கும் உரிமை பெற்றதோ 150 வாட். பிளாஸ்டிக் உருகும் வாசனையை இந்தக் கழித்தல் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

பெரிய நிறுவனங்கள் முழுதாகக் கட்டி விற்கும் கணினி வைத்திருப்பவர் வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அவற்றில் சில, ஏ.டி.எக்ஸ். அளவையோ மதர்போர்டுக்குச் செல்லும் 24 பின் பிளக்கையோ பின்பற்றுவதில்லை. அங்கே எஸ்.எம்.பி.எஸ். மாற்றப் போனவர் மதர்போர்டையும், மதர்போர்டுக்காகக் கேபினெட்டையும் மாற்றி, கடைசியில் புதுக் கணினியோடு திரும்பியிருக்கிறார். முறையான ஏ.டி.எக்ஸ். பெட்டி 150 மில்லிமீட்டர் அகலமும் 86 மில்லிமீட்டர் உயரமும் இருக்கும். நீளம் மட்டும் பெட்டிக்குப் பெட்டி மாறும்.

பொருத்துதல்

தேவையான கருவி ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கணினியின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தினால் மிச்சமிருக்கும் மின்சாரம் ஓரளவு வடியும். பிறகு பழைய ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எந்த ஒயர் எங்கிருந்தது என்று முதலிலேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. படம் எடுப்பவர்கள் கழற்றிய பிறகே எடுக்கிறார்கள்.

திருகாணி நான்கில் ஒன்று கேபினெட்டுக்குள் விழும். அது மதர்போர்டின் அடியில் போய் ஒளிந்துகொண்டால் ஷார்ட் ஆகக்கூடும் என்பதால் தேடி எடுத்தே ஆக வேண்டும். கேபினெட்டைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது. கனமான கிராபிக்ஸ் கார்டை முதலில் கழற்றி வைத்துவிட்டுக் குலுக்குவது அந்த முறையின் நாகரிகமான வடிவம்.

24 பின் பிளக் எளிதில் இறங்காது. மதர்போர்டு வளைந்து கொடுக்கும்; பொருத்துபவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்; கிளிப் கிளிக்கென்று விழுந்தால்தான் முடிந்ததாக அர்த்தம். பிராசசருக்கு ஒரு 8 பின், கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு 8 பின். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் 12 வோல்ட் வரும் பக்கம் இரண்டிலும் நேர்மாறு. பிராசசருடையது நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். துளைகளின் வடிவம் வேறாக இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. முடியாது என்பதன் பொருள் இன்னும் பலமாக அழுத்த வேண்டும் என்பதாகச் சிலர் கொள்கிறார்கள்.

ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் பெட்டிகளில் இன்னொரு கண்ணி உண்டு. கார்டு பக்கத்து முனை உலகம் முழுவதற்கும் ஒன்று; பெட்டி பக்கத்து முனைக்கு எந்தப் பொதுவிதியும் கிடையாது. பழைய பெட்டியின் ஒயர் அழகாக ஓடியிருக்கிறதே, அதை ஏன் பிரிப்பானேன் என்று அப்படியே புதிய பெட்டியில் செருகினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகலாம். சில்லறை நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஹார்டு டிஸ்க்கையும் அதிலிருந்த கல்யாண ஆல்பத்தையும் இழந்தவர்கள் உண்டு. பெட்டியோடு வந்த ஒயர் அந்தப் பெட்டிக்கு மட்டுமே.

எல்லாம் மாட்டி, சுவிட்சைப் போட்டதும் பெரும்பாலும் எதுவும் நடக்காது. பெட்டியின் பின்புறத்தில் இருக்கும் சிறிய சுவிட்ச் அணைந்தே இருக்கும். அதைப் போட்டதும் கணினி எழும், ஆனால் எஸ்.எம்.பி.எஸ். விசிறி சுற்றாது. சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்தி வைப்பது இன்றைய நல்ல பெட்டிகளில் ஒரு வசதி. வாங்கிய அன்றே பெட்டியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களில் சிலர் அந்த வசதியால் போனவர்கள்.

பழைய வகைப் பெட்டிகளில் 115, 230 என்று மாற்றும் ஒரு சிவப்பு சுவிட்ச் இருந்தது. அது 115இல் இருக்கும்போது பெட்டி தனக்கு வரும் மின்னழுத்தத்தை உள்ளே இரட்டித்துக்கொள்ளும். நம் ஊர் 230இன் உச்சமான 325ஐ இரட்டித்தால் 650 வோல்ட்டை நெருங்கும். கெப்பாசிட்டர் படீரென்று வெடித்து, அறை புகையும். கைக்குழந்தைகள் இருந்த வீடுகளில் அந்தச் சிவப்பு சுவிட்ச் தரைமட்டத்தில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. இன்றைய பெட்டிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே பழகிக்கொள்கின்றன. மனிதனின் கை படும் இடம் ஒன்று குறைந்தது.

எர்த்தும் யூபிஎஸ்ஸும்

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பதாகச் சொல்லப்படும் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். இல்லை, சுவர். மின் இரைச்சலை வடிகட்ட, பெட்டிக்குள் சிறிய கெப்பாசிட்டர்கள் மின்கம்பியிலிருந்து தகர உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் ஒயர் ஒழுங்காக இருந்தால் அந்தச் சொற்ப மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும்; மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளும். மூன்று பின் பிளக்கின் தடித்த பின்னை இரண்டு பின் துளைக்காக உடைத்தெறிந்தவர், புதிய பெட்டியிலும் அதே கிள்ளலைப் பெறுவார்.

புதிய பெட்டி வந்ததும் மேசைக்கடியில் வருடக்கணக்கில் விசுவாசமாக உழைத்த யூபிஎஸ்ஸின் உண்மை எண்ணும் வெளியே வருகிறது. 600 வி.ஏ. என்பது அதன் கொட்டை எழுத்து. பொடி எழுத்தில் பெரும்பாலும் 360 வாட் என்று இருக்கும். கணினி உள்ளே 337 வாட் கேட்கும்போது, சேதாரமும் சேர்த்துச் சுவரிலிருந்து 380க்கு மேல் போகும், மானிட்டர் தனி. ஆகவே விளையாட்டின் நடுவே கரண்ட் போனால், யூபிஎஸ் ஒருமுறை கத்திவிட்டுத் தானும் போய்விடும். தவிர, மலிவான யூபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தருவது மென்மையான அலை இல்லை, படிப்படியாக ஏறி இறங்கும் முரட்டு அலை, நவீன எஸ்.எம்.பி.எஸ்.களில் சில அதை ஏற்க மறுத்து அணைந்துகொள்ளும். 1000 வி.ஏ.க்கு மேற்பட்டதாகவும், சைன் அலை தருவதாகவும் வாங்குவது இதற்குத் தீர்வு. கார்டு வாங்கும்போது போட்ட பட்ஜெட்டில் இந்த வரி இருந்ததில்லை.

கரண்ட் பில்

வீட்டின் பெரியவர் தலையிடுவது இந்த இடத்தில்தான். "850 வாட்டா? நம்ம அயர்ன் பாக்ஸே 750தான்டா!" என்பது அவர் வாதம். அவர் படித்திருப்பது கொட்டை எழுத்தை. பெட்டியில் எழுதியிருப்பது அது கொடுக்கக்கூடிய உச்சம். எடுக்கப்போவது கணினி கேட்கும் அளவு மட்டுமே. 337 வாட் கேட்கும் கணினி 550 வாட் பெட்டியிலும் 850 வாட் பெட்டியிலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தைத்தான் இழுக்கும்.

ஆனால் பெரியவரின் பயத்துக்கு வேறொரு நியாயம் உண்டு. சுவரிலிருந்து 400 வாட், தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 60 நாள்: மொத்தம் 72 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2025ஆம் ஆண்டுக் கட்டண முறைப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; இலவசத்துக்கு அடுத்த யூனிட்டிலிருந்தே கட்டண விகிதம் மாறிவிடும். ஏ.சி.யும் வாட்டர் ஹீட்டருமாக 450இல் நிற்கும் வீட்டை இந்த 72 யூனிட் மறுபக்கம் தள்ளிவிடும். அப்போது பில்லில் ஏறும் தொகை 72 யூனிட்டின் விலையைவிட அதிகமாக இருக்கும், ஏ.சி.யின் பங்கும் கிராபிக்ஸ் கார்டின் கணக்கிலேயே எழுதப்படும்.

பழைய பெட்டி

கழற்றிய பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். நடைமுறையில் அது பரணுக்குப் போகிறது. பரணில் இருக்கும் பொருளுக்கு என்றாவது ஒரு நாள் பயன் பிறக்கும் என்ற நம்பிக்கையில், சித்தப்பா பையன் கணினி வாங்கியதும் அது இறக்கப்பட்டு, "நல்லாத்தான்டா ஓடிட்டிருந்துச்சு, 450 வாட்" என்ற சான்றிதழோடு அவனிடம் ஒப்படைக்கப்படும். அவன் கணினியில் கிராபிக்ஸ் கார்டு இல்லாத வரை இந்தத் தானத்தில் பெரிய பாவம் இல்லை. கார்டு வாங்க அவன் பணம் சேர்க்கத் தொடங்கினால், கொடுத்தவர் அட்டவணையின் மூன்றாவது வரியை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்: 12 வோல்ட், 18 ஆம்பியர்.